சுவரில்லாத சித்திரம்: நிக்கோபாரின் தொங்கோவியங்களும் இன்றைய சுவரோவிய விழாக்களும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது தமிழ்ப் பழமொழி. உடலைப் பேணச் சொல்லும் அறிவுரையாகவே அது பெரும்பாலும் வழங்குகிறது. அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டால் பொருந்தாத இடம் ஒன்று வங்கக் கடலில் உண்டு. நிக்கோபார்த் தீவுகளின் பழைய வீடுகளுக்குச் சுவர் கிடையாது. தரையில் நட்ட கால்களின்மீது வட்டமான மரத்தளம். அதன்மேல் தேன்கூட்டைக் கவிழ்த்தாற்போல ஓலையும் புல்லும் வேய்ந்த கூரை. அந்தக் கூரையே வளைந்து இறங்கித் தளத்தைத் தொட்டுவிடும். ஏணி வழியாக உள்ளே ஏற வேண்டும். சுவரே இல்லாத அந்த வீடுகளுக்குள் சித்திரம் இருந்தது. பாக்குமட்டையை விரித்துத் தட்டையாக்கி, அல்லது பலகையைச் செதுக்கி, அதன்மேல் உருவங்களை எழுதித் தொங்கவிட்டார்கள். நடு நிக்கோபார்த் தீவுகளின் மொழியில் இதற்கு ஹெந்தா என்றும் ஹெந்தாகோய் என்றும் பெயர்.

இந்த ஓவியங்களை இன்று நினைவுகூர ஒரு காரணம் இருக்கிறது. சிற்றூர்களின் சுவர்களில் ஓவியர்களை அழைத்துவந்து வரையச் செய்யும் விழாக்கள் உலகெங்கும் பெருகிவிட்டன. கனடாவின் வான்கூவர் தீவில் உள்ள செமைனஸ் என்ற மரம் அறுக்கும் ஊர் இதற்கு முன்னோடியாகக் காட்டப்படுகிறது. அங்கே 1982இல் முதல் சுவரோவியங்கள் வரையப்பட்டன. அடுத்த ஆண்டே ஊரின் மர ஆலை மூடப்பட்டது. ஆலையின் இடத்தைச் சுற்றுலா பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்து டாஸ்மேனியாவின் ஷெஃபீல்டு என்ற வேளாண் சிற்றூரும் 1980களில் தன் சுவர்களுக்கு வண்ணம் பூசியது. பின்னர் அங்கே ஆண்டுதோறும் ஓவியர்கள் மக்கள் கண்முன்னே வரைந்து போட்டியிடும் விழாவும் உருவானது. இந்தியாவில் தில்லியின் லோதி குடியிருப்பு, சென்னையின் கண்ணகி நகர் என்று அவ்வரிசை நீள்கிறது. இத்தகைய முயற்சிகளைப் பற்றி எழுதுவோர் தவறாமல் கையாளும் ஒரு தொடர் உண்டு: பொதுக்கலையை எளிய மக்களிடம் 'கொண்டு செல்லுதல்'. கொண்டு செல்லுதல் என்றால், சென்று சேரும் இடத்தில் அது முன்பு இல்லை என்று பொருள். அந்த வினைச்சொல் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதைச் சோதித்துப் பார்க்க நிக்கோபாரைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது.

முதலில் பொதுக்கலை என்பதன் பழமையைச் சற்று நோக்கலாம். தெருவில் நின்று சுவரைப் பார்க்கும் கூட்டம் தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், இந்திர விழா நாளில் புகார் நகரத் தெருவில் மக்கள் ஆங்காங்கே கூடி நிற்கிறார்கள். பித்தனைப் பார்ப்பவர் சிலர், பேடியின் ஆடலைப் பார்ப்பவர் சிலர். இன்னும் சிலர் உயர்ந்த செங்கல் மாளிகைகளின் வெண்சுதைமேல் தேவர் முதலாக எல்லா உயிர்களின் வடிவையும் காட்டிக் கலைஞர்கள் அமைத்திருந்தவற்றைக் கண்டு நிற்கிறார்கள். அவை சுதையுருவங்களா தீட்டிய ஓவியங்களா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நூலே ஓவியம் என்ற சொல்லைத்தான் ஆள்கிறது. விழா, தெரு, சுவர், வேடிக்கை பார்க்கும் கூட்டம்: இன்றைய சுவரோவிய விழாவின் உறுப்புகள் அனைத்தும் அங்கே இருக்கின்றன. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் திருப்பரங்குன்றத்துக்குச் செல்வோர் எழுத்துநிலை மண்டபத்தில் ஓவியங்களைப் பார்க்கிறார்கள். இவன் காமனா, இவள் இரதியா என்று ஒருவர் கேட்க மற்றவர் விடை சொல்கிறார். பூனையாகி ஓடும் இந்திரனையும் கல்லான அகலிகையையும் அடையாளம் காட்டுகிறார்கள். ஓவியத்தைவிட அதன்முன் நடக்கும் உரையாடலே அங்கு முக்கியமாகிறது. இதற்கு மாறாக, தஞ்சைப் பெரியகோயிலின் சோழர்கால ஓவியங்கள் கருவறையைச் சுற்றிய இருண்ட திருச்சுற்றில், பிற்கால ஓவியப் பூச்சின் அடியில் கிடந்தன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி அவற்றை வெளியுலகுக்குக் காட்டினார். கலைவரலாற்று நூல்களில் அதிகம் பேசப்படுபவை தஞ்சை ஓவியங்கள்தாம். புகார்த் தெருவின் சுவர்களில் ஒன்றும் எஞ்சவில்லை.

பரிபாடல் காட்டும் மண்டபத்தின் பெயரில் ஒரு மொழிச்செய்தி பொதிந்திருக்கிறது. எழுத்துநிலை மண்டபம் என்றால் ஓவிய மண்டபம். பழந்தமிழில் 'எழுது' என்னும் வினை வரைதலையும் குறித்தது, வரிவடிவம் இடுதலையும் குறித்தது. பாவையையும் எழுதினார்கள், ஓலையிலும் எழுதினார்கள். மார்பில் தொய்யில் எழுதினார்கள். மேற்கண்ட பழமொழியிலும் சித்திரத்தை 'எழுத' வேண்டும் என்றே மக்கள் சொல்கிறார்கள்; 'வரைய' என்பது பின்னர் மேலோங்கிய வழக்கு.

இந்த வேறுபாடின்மையைக் கையில் வைத்துக்கொண்டு 1873ஆம் ஆண்டுக்கு வரலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் வாலன்டைன் பால், பெரிய நிக்கோபாருக்கும் சிறிய நிக்கோபாருக்கும் இடையில் உள்ள கொண்டுல் என்ற சிறுதீவில் ஓர் ஓவியத் தட்டியைப் பெற்றார். அதைப் பற்றி அவர் பின்னர் இந்தியன் ஆன்டிகுவரி இதழில் எழுதியபோது தந்த தலைப்பு 'நிக்கோபாரியரின் கருத்தெழுத்துகள்' என்ற பொருள்படுவது. சூரியன், நிலவு, விலங்குகள், மீன்கள், புழங்குபொருள்கள் என்று வரிசையாக அமைந்த உருவங்களைக் கண்டதும், இது அலங்காரமா எழுத்தா என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. எழுத்து என்பதன் பக்கமே அவர் சாய்ந்தார். எழுத்து இல்லாதோர் எனக் கருதப்பட்ட மக்களிடம் எழுத்தின் முளையைக் கண்டுவிட்டதாக நினைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞருக்கு இயல்பானதே. படத்திலிருந்து கருத்தெழுத்து, அதிலிருந்து ஒலியெழுத்து என்று ஏணிப்படிபோல மனித அறிவை அடுக்கிவைத்த காலம் அது. அந்த ஏணியில் நிக்கோபாருக்கு ஒரு படி கீழோ மேலோ இடம் ஒதுக்குவதே அவர் முன்னிருந்த சிக்கல். 'எழுது' என்ற ஒரே வினையை வைத்திருந்த பழந்தமிழ்ப் புலவர் ஒருவர் அந்தத் தட்டியைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கப் போயிருப்பார்.

என்ன எழுதியிருந்தார்கள்? அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ள ஹெந்தாக்களில் மேற்பகுதியில் பெரும்பாலும் ஞாயிறும் திங்களும் இருக்கும். நடுவே ஒரு மனித உருவம். பல ஓவியங்களில் அது ஐரோப்பிய உடையும் தொப்பியும் அணிந்திருக்கும். சுற்றிலும் கால்நட்ட வீடுகள், கைகோத்து ஆடும் மக்கள், பன்றி, கோழி, தென்னை, ஓடம், ஆமை, முதலை, மீன். இவற்றோடு கலந்து கப்பல், நாற்காலி, மேசை, கடிகாரம், தொலைநோக்கி போன்ற அயற்பொருள்கள். நடுவில் நிற்கும் உருவத்தின் பெயர் தெவுசே. கடவுள் எனப் பொருள்படும் போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து அது வந்தது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டார்கள். போர்ச்சுக்கீசியரிடமிருந்து தமிழ் எடுத்துக்கொண்டவை சாவி, ஜன்னல், அலமாரி, வீட்டுக்கு வேண்டியவை. நிக்கோபாரிய மொழி கடவுளின் பெயரையே எடுத்துக்கொண்டு, அவருக்குத் தொப்பி மாட்டி, கையில் அவருக்கு வேண்டியதையும் கொடுத்துவிட்டது. சமயம் மாறாமலே சொல் மட்டும் மாறிக் குடியேறிய விந்தை இது. கடனாட்சியைப் பற்றிய பாடநூல்களில் எடுத்துக்காட்டாகச் சேர்க்கத் தகுந்தது.

இந்த ஓவியத்தின் பயன் நோய் தீர்ப்பது. மென்லுவானா எனப்பட்ட மருத்துவப் பூசாரி, நோயுற்றவரின் வீட்டில் தீங்கு செய்யும் ஆவிகளை விரட்டவும் நல்லாவிகளை மகிழ்விக்கவும் வேண்டியவற்றைச் சொல்லுவார். அதன்படி ஹெந்தா எழுதப்படும். கரேயாவ் எனப்படும் மர உருவங்கள் செதுக்கப்படும். அக்காலத்தில் தீவுகளில் ஆங்கில அதிகாரியாக இருந்த எட்வர்டு ஹொரேஸ் மேன் இவற்றைப் பற்றி விரிவாகக் குறித்திருக்கிறார். படத்தில் உள்ள கப்பலும் கடிகாரமும் தெவுசேயின் உள்ளத்தைக் குளிர்விக்கும் காணிக்கைகள். அதாவது இந்த ஓவியத்தின் பார்வையாளர் மனிதர் அல்லர். வீட்டார் பார்க்கிறார்கள், வந்துபோவோர் பார்க்கிறார்கள்; ஆனால் அவர்கள் பார்ப்பதற்காக அது எழுதப்படவில்லை. புகாரின் சுவரோவியத்துக்குத் தெருவே பார்வையாளர். ஹெந்தாவுக்கு ஆவியே பார்வையாளர். இருப்பினும் ஹெந்தாவைத் தனிமனிதக் கலை என்று ஒதுக்கிவிட இயலாது. ஒருவரின் நோய் ஊருக்குரிய நிகழ்வாக, பன்றி அறுத்து உற்றாரைக் கூட்டிச் செய்யும் சடங்காக அமைந்த சமூகத்தில், அந்தச் சடங்கின் நடுவே தொங்கிய படம் சமூகத்துக்கே உரியது. பொதுக்கலைக்குத் தெரு வேண்டும் என்பது தெருக்கள் உள்ள ஊர்க்காரரின் எண்ணம்.

நிக்கோபாரில் வரலாற்றுக்கும் பெயருக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் இந்த ஓவியங்களைப் பற்றிப் பேச முடியாது. டென்மார்க்கைப் பூர்வீகமாகக் கொண்ட டி ரோப்ஸ்டார்ஃப் என்ற அதிகாரி நான்கௌரி மொழிக்கு அகராதி தொகுத்தார். 1883இல் அவர் கமோர்ட்டாவில் கொல்லப்பட்டார். அகராதி அடுத்த ஆண்டு வெளிவந்தது. அவர் பதிவுசெய்த ஒரு வழக்கத்தைப் பிரேசர் தம் 'பொற்கிளை' நூலில் எடுத்தாண்டதால் அது மொழியியலாரிடையே பரவலாக அறியப்பட்டது. ஒருவர் இறந்தபின் அவர் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. பெயர்களோ கோழி, நெருப்பு, வழி போன்ற அன்றாடச் சொற்களாகவே இருக்கும். எனவே இறந்தவரோடு அந்தச் சொல்லும் வழக்கொழியும். அதே பொருளுக்குப் புதுச்சொல் ஆக்கப்படும், அல்லது பக்கத்துத் தீவு மொழியிலிருந்தோ அயல்மொழியிலிருந்தோ இரவல் வாங்கப்படும். இப்படிப்பட்ட வழக்கம் வரலாறு உருவாவதையே தடுத்துவிடும் என்று ரோப்ஸ்டார்ஃப் வியந்தார். இறந்தவரின் உடைமைகளை உடைத்துக் கல்லறையில் இடும் வழக்கமும் உடன் இருந்தது. வரலாறு என்றால் பெயர்களின் பட்டியல் என்று எண்ணுவோருக்கு அவர் சொன்னது சரியே. மொழியை வரலாற்றின் ஆவணமாகக் கொள்வோருக்கோ, பக்கத்து மொழிகளிலிருந்து வாங்கிய சொற்களின் அடுக்குகளே அங்கு நேர்ந்த தொடர்புகளின் பதிவாகும். தெவுசே என்ற சொல்லே அதற்குச் சான்று. நான்கௌரிச் சொல்லமைப்பைப் பற்றி 1981இல் நூல் வெளியிட்ட ராதாகிருஷ்ணன், ஆஸ்திரோ-ஆசிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த இம்மொழி வேர்ச்சொற்களோடு முன்னொட்டும் உள்ளொட்டும் சேர்த்துச் சொற்களைப் பெருக்கும் முறையை விளக்கினார். சொற்கள் அடிக்கடி இறக்கும் மொழிக்கு இப்படிப்பட்ட ஆக்கவளம் எவ்வளவு உதவியிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

வெளியார் இத்தீவுகளைப் பற்றி எழுதிய வரலாறு இதைவிட நீண்டது, அதில் தமிழரின் பங்கு சிறிதன்று. தஞ்சைப் பெரியகோயிலின் கல்லில் 1030ஆம் ஆண்டையொட்டிப் பொறிக்கப்பட்ட இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, வென்ற இடங்களுள் ஒன்றாக மாநக்கவாரத்தைச் சொல்கிறது. தேன் நிறைந்த மலர்ச்சோலைகளை அதற்கு அடையாகத் தருகிறது. நிக்கோபாரின் பெயர் தமிழ்ச் சுவரில் ஏறிய நாள் அது. நக்கவாரம் என்ற பெயரை ஆடையின்மையைக் குறிக்கும் சொல்லோடு இணைத்து விளக்குவோர் உண்டு. தீவினர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் அன்று அது. மணிமேகலையில் கலம் கவிழ்ந்து கரையேறும் சாதுவன் சந்திக்கும் நாகர் வாழ்ந்த மலையை நிக்கோபாரோடு பொருத்துவோரும் உள்ளனர். பொருத்தம் உறுதியானது அன்று. ஆனால் கதையின் ஒரு குறிப்பு மறக்கத்தக்கதும் அன்று. ஆடையின்றி, மனிதரை உண்போராகக் காட்டப்படும் அந்நாகர்களிடமிருந்து சாதுவன் உயிர் பிழைத்தது அவர்களுடைய மொழியைக் கற்றிருந்ததால்தான்.

பிற்காலத்தில் தீவுகளை ஆளும் முயற்சி தரங்கம்பாடியிலிருந்தே தொடங்கியது. டேனியர் 1756இல் அங்கிருந்து சென்று நிக்கோபாரில் குடியேற்றம் அமைத்துப் புதிய டென்மார்க் எனப் பெயரிட்டனர். காய்ச்சல் அவர்களைத் திரும்பத் திரும்ப விரட்டியது. தரங்கம்பாடியில் தங்கியிருந்த மொராவிய சகோதரர்கள் 1768 முதல் 1787 வரை நான்கௌரியில் சமயப்பணி செய்தார்கள். பலர் மாண்டதே மிச்சம். 1858இல் ஆஸ்திரியாவின் நோவாரா கப்பல் உலகைச் சுற்றிவரும் வழியில் இத்தீவுகளில் தங்கியது. நிக்கோபார்ப் பொருள்கள் வியன்னாவுக்குச் சென்றன. டேனியர் 1868இல் தம் உரிமையை ஆங்கிலேயருக்கு விற்றனர். ஆங்கிலேயர் 1869இல் கமோர்ட்டாவில் தண்டனைக் குடியிருப்பு அமைத்து, 1888இல் அதைக் கைவிட்டனர். அந்தமானின் செல்லுலார் சிறைக்கு முந்திய கதை இது. அச்சிறை 1906இல் கட்டி முடிக்கப்பட்டு, 1979இல் தேசிய நினைவுச்சின்னமானது. தீவுகளின் வரலாறு என்றவுடன் எல்லோர் நினைவுக்கும் வரும் சுவர் அந்தச் சிறைச்சுவரே. நிக்கோபாரின் கதைக்கு அதில் இடமில்லை.

கமோர்ட்டாவில் பணியாற்றிய ஆண்டுகளில் மேன் அகராதி தொகுத்தார், நிழற்படம் எடுத்தார், பொருள்களைச் சேகரித்தார். அவருடைய நடு நிக்கோபார் மொழி அகராதி 1889இல் வந்தது. அவர் அனுப்பிய ஹெந்தாக்களும் கரேயாவ்களும் இலண்டனின் பிரித்தானிய அருங்காட்சியகத்தையும் ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தையும் சென்றடைந்தன. சேகரித்தோரைக் கொள்ளையர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. மேனின் குறிப்புகள் இல்லாவிட்டால் இப்படங்களின் பொருளில் பாதி இன்று தெரிந்திராது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. எப்படியிருந்தாலும், பொதுக்கலையை நிக்கோபாருக்குக் கொண்டு செல்லும் பேச்சு எழுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, அங்கிருந்து கலையைக் கொண்டு போன கப்பல்கள் புறப்பட்டுவிட்டன.

இருபதாம் நூற்றாண்டில் ஹெந்தா அருகத் தொடங்கியது. கார் நிக்கோபாரில் ஜான் ரிச்சர்ட்சனின் பணியால் கிறித்தவம் வேரூன்றியது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தின் கொடுமைகளுக்குப் பின் அது இன்னும் பரவியது. நிக்கோபாரியரிலிருந்தே வந்த முதல் ஆயர் அவர். சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவையில் தீவுகளின் சார்பில் நியமன உறுப்பினராகவும் இருந்தார். மென்லுவானாவின் இடத்தைத் தேவாலயமும் மருத்துவமனையும் பிடித்துக்கொண்டன. நான்கௌரி, கமோர்ட்டா, கச்சால் போன்ற நடுத்தீவுகளில் பழைய வழக்கம் சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது. கச்சாலில்தான் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர் சிலர் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர்.

பின்னர் 2004 டிசம்பர் 26 வந்தது. நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த நிக்கோபார்த் தீவுகளில் நிலமே தாழ்ந்தது. ஊர்கள் கடற்கரையை ஒட்டியே இருந்ததால் பெரும்பாலும் அழிந்தன. டிரிங்கெட் தீவு துண்டுபட்டு, எஞ்சிய மக்கள் கமோர்ட்டாவுக்கு இடம்பெயர்ந்தனர். 2001 கணக்கெடுப்பில் 42,068 ஆக இருந்த நிக்கோபார் மாவட்ட மக்கள்தொகை 2011இல் 36,842 ஆகக் குறைந்தது. கார் நிக்கோபார் ஊர்களின் பொது இடம் எல்பனம் எனப்படும் கடலோரத் திடல். ஊர்க்கூட்டமும் விழாவும் அங்கேதான். அலை முதலில் அடித்துச் சென்றதும் அதைத்தான். வீடுகளோடு அவற்றுள் தொங்கியவையும் போயின. டிரிங்கெட்டில் நெடுங்காலம் ஆய்வு செய்த சிம்ரன் ஜித் சிங், அலைக்குப் பிந்திய நிவாரணம் அச்சமூகத்தைப் புரட்டிப்போட்ட விதத்தை எழுதியிருக்கிறார். அரசு புதிய வீடுகளைக் கட்டிக்கொடுத்தது. பெருநிலத்திலிருந்து கப்பலில் வந்த இரும்பும் சிமெண்டும் தகரமும் கொண்டு, கரையிலிருந்து தள்ளி, நீள்சதுர வீடுகள் வரிசையாக எழுந்தன. துகெத் எனப்படும் கூட்டுக்குடும்பத்துக்கு ஒரு பெருவீடு என்றிருந்தது மாறித் தனிக்குடும்பத்துக்கு ஒரு வீடு என்றானது.

ஆக, நிக்கோபாருக்கு இப்போது சுவர் வந்துவிட்டது.

சுவரோவிய விழாக்கள் தேடிச் செல்வது இப்படிப்பட்ட சுவர்களைத்தான்: நேராக, தட்டையாக, வரிசையாக, ஒரேமாதிரியாக, பெரும்பாலும் அரசு கட்டிக்கொடுத்தவையாக. கண்ணகி நகர் இதற்குத் தக்க ஒப்பீடு. சென்னையின் நீர்நிலையோரங்களிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அகற்றப்பட்டவர்களுக்காக 2000ஆம் ஆண்டு முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் எழுந்த மறுகுடியமர்வுப் பகுதி அது. அதையடுத்த செம்மஞ்சேரியில் ஆழிப்பேரலையில் வீடிழந்த மீனவர்களும் குடியமர்த்தப்பட்டனர். 2020இன் தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, வண்ணப்பூச்சு நிறுவனமான ஏசியன் பெயிண்ட்ஸோடும் சென்னை மாநகராட்சியோடும் சேர்ந்து கண்ணகி நகரின் அடுக்ககச் சுவர்களில் பெரும் ஓவியங்களை வரையச் செய்தது. சென்னை ஓவியர் ஏ-கில் வரைந்தது அங்கே வாழும் குழந்தைகளின் சிரித்த முகங்கள். முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்படுகிறது என்று அப்பகுதி மக்கள் நெடுநாளாகக் குறைகூறி வந்தனர். அந்தப் பெயரை மாற்றுவதே நோக்கம் எனப்பட்டது. இந்நோக்கத்தை எள்ளி நகையாட வேண்டியதில்லை. தம் தெருவைத் தேடி யாரோ ஒருவர் வருகிறார் என்பது மக்களுக்குச் சிறிய செய்தி அன்று. அதே சமயம், சென்னை மாநகராட்சி 2009இல் அண்ணா சாலையின் சுவரொட்டிகளை அகற்றிப் பண்பாட்டு ஓவியங்களை வரையச் செய்ததை ஆராய்ந்த ரூஸ் கெரிட்சன் சுட்டியதும் நினைவுக்கு வர வேண்டும். தலைவர் படமும் நடிகர் படமும் வரைந்து பிழைத்த விளம்பர ஓவியர்களே அந்தச் சுவர்களில் மாமல்லபுரத்தையும் பரதத்தையும் வரைந்தார்கள். எது சுவரில் இருக்கத் தகும் என்று முடிவு செய்தவர் வேறு, தூரிகை பிடித்தவர் வேறு.

ஒரே கேள்வியை இம்மூன்று இடங்களிலும் கேட்டுப் பார்க்கலாம்: யார் பார்க்க? அண்ணா சாலை ஓவியங்கள் பேருந்திலும் காரிலும் கடந்து செல்வோருக்காக. கண்ணகி நகரில் குடியிருப்போரும் பார்க்கிறார்கள். ஆனால் பெயரை மாற்ற வேண்டுமானால் வெளியிலிருந்து வருவோரும் அவர்தம் கைப்பேசிக் கேமராவும் பார்த்தாக வேண்டும். ஜார்க்கண்டின் ஹசாரிபாக் பகுதியில் சோராய் அறுவடைத் திருநாளில் பெண்கள் தத்தம் வீட்டு மண்சுவரில் அவ்வட்டார மண்நிறங்களைக் கொண்டே விலங்குகளையும் செடிகொடிகளையும் எழுதுகிறார்கள். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஓவியத்துக்கு அழைப்பாளரும் இல்லை, புரவலரும் இல்லை, திருநாளே அழைப்பு. சுவரோவிய விழா என்ற பெயருக்கு இந்தியாவில் மிகவும் உரிமையுடையது அதுதான். நிக்கோபாரின் புதிய வீட்டுச் சுவர்களில் பெருநிலத்து ஓவியர்கள் வந்து கடலாமையையும் பவளப்பாறையையும் வண்ணக்கலவையில் தீட்டினால், அவை யாரைப் பார்த்து நிற்கும் என்பது கேட்கப்பட வேண்டும். 1956ஆம் ஆண்டின் தொல்பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி வெளியார் அனுமதிச்சீட்டு இன்றி அங்கே நுழைய முடியாது. தெருவில் வேடிக்கை பார்க்கும் கூட்டம் என்று ஒன்று அங்கே வெளியிலிருந்து திரளாது. செமைனஸில் ஆலையின் இடத்தைச் சுற்றுலா நிரப்பிய வழி அங்கே சட்டப்படி அடைபட்டிருக்கிறது. ஆகவே எஞ்சும் பார்வையாளர் வீட்டார் மட்டுமே; அவர்களுடைய பாட்டன்மாரின் கணக்கில் ஆவிகளும்.

இலண்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் உள்ள நிக்கோபார்ப் பொருள்களின் படங்களை அவ்வருங்காட்சியகங்களின் இணையத்தளங்களில் இன்று யாரும் பார்க்கலாம். கமோர்ட்டாவில் ஒரு பள்ளி மாணவர் தம் கைப்பேசியில் ஒரு ஹெந்தாவைக் கண்டு, அதைப் பார்த்துத் தம் வீட்டுத் தகரச்சுவரில் எழுதத் தொடங்கினால், அதைக் கொண்டு செல்லுதல் என்று சொல்ல முடியாது. திருப்பி வாங்குதல் என்பதே பொருந்தும். அவ்வாறு எழுதும்போது தெவுசேயின் கையில் தொலைநோக்கிக்குப் பதிலாக என்ன இருக்கும் என்பது அந்த மாணவரின் முடிவு. பழையவர்கள் கப்பலையும் கடிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளத் தயங்கவில்லை. மரபைக் காக்க வருவோர் அவரைத் தென்னையோடும் ஓடத்தோடும் நிறுத்திவிடாமல் இருக்க வேண்டும்.

அருங்காட்சியகக் குறிப்பட்டைகளில் சேகரித்தவர் பெயர், தீவின் பெயர், ஆண்டு ஆகியவை இருக்கின்றன. எழுதியவர் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை. காலனிய அலட்சியம் என்று இதை ஆய்வாளர்கள் சரியாகவே கண்டிக்கிறார்கள். ஆனால் ரோப்ஸ்டார்ஃபின் குறிப்பை மறுபடி படித்தால் இன்னொன்றும் தோன்றுகிறது. எழுதியவர் இறந்தபின் யாரேனும் அக்கறையோடு கேட்டிருந்தாலும், உறவினர் அந்தப் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்றைய சுவரோவியர்கள் சுவரின் கீழ்மூலையில் தம் பெயரைப் பெரிதாக எழுதிச் செல்வது வழக்கம். நிக்கோபார் ஊர்களின் தலைவருக்குக் கேப்டன் என்று பெயர். கப்பல்காரர் விட்டுச்சென்ற சொற்களில் அதுவும் ஒன்று. ஏணியைச் சாத்தித் தூரிகையை எடுக்கும் முன், எதை எழுதலாம் என்பதோடு, கீழ்மூலையில் பெயர் எழுதலாமா என்பதையும் ஊர்க் கேப்டனிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.